பயாப்சி ரிப்போர்ட்டில் ‘எஃப்.எஸ்.எச். பாசிட்டிவ்’: பயப்படவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் என்னிடம், "சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். அதைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகமாகவே தெரியும். நான் என் வேலைக்காலம் முழுக்கத் திசு ஆய்வகத்தில் இருந்தவன். ஆபரேஷனில் எடுத்த சதையை வெட்டி, சாயமேற்றி, ஸ்லைடாக்கி டாக்டர் மேசையில் வைப்பது என் வேலை. பார்த்து முடிவு சொல்வது டாக்டர். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சாயத்தைப் பற்றி, அந்தச் சாயத்தால் என் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்போம், நம் ஊரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். "பெயரைச் சொல்லாதே, பட்டறையைச் சொல்லிக்கொள்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவருக்கு 56 வயதில் ஒரு கோளாறு தொடங்கியது. வைஸில் பிடித்து வைத்த சாவி தெளிவாகத் தெரியும். வலது கைப்பக்கம் வைத்த அரத்தைத் தேடுவார். இடது பக்கம் வைத்த சுத்தியலையும் தேடுவார். பையன் எடுத்து ஒளித்துவிட்டான் என்று திட்டுவார். வண்டியில் போனால் இரண்டு பக்கமும் இடிப்பார். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினார்கள். புரை என்றார்கள். கடைசியில் ஒரு கண் மருத்துவமனையில், பார்வைப் பரப்பு சோதனை செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போயிருந்தது. கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால், பிட்யூட்டரி சுரப்பியில்.

இந்தச் சுரப்பி ஒரு கொண்டைக்கடலை அளவுதான். எடை அரை கிராம். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், எலும்பில் குழித்த ஒரு சின்ன இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் வந்து சேர்ந்து குறுக்காகப் போகின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலே முட்டினால், அந்தக் குறுக்குச் சந்திப்பு நசுங்கும். அங்கே போகிற இழைகள்தான் வெளிப்பக்கப் பார்வையைத் தருபவை. அதனால்தான் மாமாவுக்கு நேரே தெரிந்தது, பக்கம் தெரியவில்லை.

மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பார்வை நன்றாகத் திரும்பியது. பத்து நாள் கழித்து பயாப்சி ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு வரி: எஃப்.எஸ்.எச். பாசிட்டிவ்.

வீட்டில் யாரோ அந்த மூன்றெழுத்தைப் போனில் தேடியிருக்கிறார்கள். "பெண்களுக்குக் கருமுட்டை வளர வைக்கும் ஹார்மோன்" என்று வந்திருக்கிறது. மீசை வைத்த மனிதர், பட்டறையில் ஆறு பேருக்கு முதலாளி. அந்த ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். "பாசிட்டிவ்" என்ற சொல்லைப் பார்த்து அக்கா புற்றுநோய் என்று நினைத்து அழுதாள். அவர் வெட்கத்தில் பேசவில்லை, அவள் பயத்தில் கேட்கவில்லை. மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன சீட்டும் அதே கட்டுக்குள் போய்விட்டது. நான்கு வருஷம்.

இந்த நான்கு வருஷமும் நான் ஆய்வகத்தில் இதே எஃப்.எஸ்.எச். சாயத்தைப் போட்டுக்கொண்டிருந்தவன். "மாமா, அந்த ரிப்போர்ட்டை ஒரு தடவை காட்டுங்கள்" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கண் தெரிந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு உங்கள் முன்னால் பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

இனி அந்த வரிக்கு என்ன பொருள் என்று பார்ப்போம்.

பிட்யூட்டரியின் முன்பகுதியில் முக்கியமாக ஆறு ஹார்மோன்கள் உற்பத்தியாகின்றன. வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைராய்டைத் தூண்டுவது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டுவது, அப்புறம் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு. இந்தக் கடைசி இரண்டும் இனப்பெருக்க ஹார்மோன்கள். எஃப்.எஸ்.எச். என்பதற்கு "முட்டைப்பையைத் தூண்டுவது" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர்தான் அப்படி. ஆணின் உடம்பிலும் அது உண்டு. விந்தணு உற்பத்திக்கு அது துணை செய்கிறது. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வோர் ஆணின் பிட்யூட்டரியிலும், முன்பகுதிச் செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்த வேலையைச் செய்வதுதான். அந்த வகைச் செல்லில் ஒன்று கட்டுப்பாடு மீறிப் பெருகினால் வருவது இந்தக் கட்டி. ஆண்மைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

சரி, எந்தச் செல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம்.

ஆபரேஷனில் எடுத்த துணுக்கை முதலில் பார்மலினில் போடுவோம். நம் ஊர்த் தோல் ஷாப்பில் பச்சைத் தோல் அழுகாமல் பதப்படுகிறதல்லவா, அதே மாதிரிதான். புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சதை கெடாமல் நிற்கும். பிறகு உருக்கிய மெழுகில் பதித்து ஒரு சின்ன பிளாக் செய்வோம். அதை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்தச் சீவலைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்ட வைப்போம்.

இங்கே ஒரு சிக்கல். பார்மலின் புரதங்களைக் கட்டிப்போட்டதால், நாம் தேடும் இடம் மூடிக்கொண்டிருக்கும். துருப்பிடித்த பூட்டு மாதிரி. சாவி இருந்தும் நுழையாது. அதற்கு ஸ்லைடை ஒரு சிட்ரேட் கரைசலில் போட்டு வேக வைக்க வேண்டும். பல ஆய்வகங்களில் வீட்டில் பருப்பு வேக வைக்கும் அதே பிரஷர் குக்கரைத்தான் இதற்கு வைத்திருந்தோம். இப்போது பெரிய இடங்களில் இயந்திரமே செய்துவிடுகிறது. இந்தச் சூட்டில் பிணைப்பு தளர்ந்து, பூட்டின் துவாரம் திறக்கும்.

அப்புறம்தான் சாவி. அதன் பெயர் ஆன்டிபாடி, எதிர்ப்பொருள். எஃப்.எஸ்.எச். புரதத்தில் மட்டும் பொருந்துகிற மாதிரி தயாரித்த ஆன்டிபாடியை ஸ்லைடில் விட்டால், அந்த ஹார்மோன் உள்ள செல்லில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இல்லாத செல்லில் ஒட்டாது, கழுவினால் போய்விடும். ஒட்டியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே? அதற்காக, குதிரைமுள்ளங்கி என்ற காரமான வேரிலிருந்து எடுத்த ஒரு நொதியை அதன் மேல் இணைத்து, ஒரு நிறமியைச் சேர்ப்போம். பூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். மற்ற இடத்துக்கு நீலச் சாயம். நீலத் தரையில் பழுப்புப் புள்ளிகள். சின்னாளபட்டி சுங்குடியைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாக இருக்காது.

சாவி சரியான சாவியா என்பதும் முக்கியம். எஃப்.எஸ்.எச். இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஆல்ஃபா சங்கிலி எல்.எச்., தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், கர்ப்ப காலத்தில் வரும் எச்.சி.ஜி. எல்லாவற்றுக்கும் பொது. பீட்டா சங்கிலிதான் ஒவ்வொன்றுக்கும் தனி. பட்டறையில் ஒரே அச்சில் வார்த்த பூட்டு உடம்புகள் நூறு இருக்கலாம், உள்ளே லீவர்தான் வேறு. அதனால் எஃப்.எஸ்.எச். என்று உறுதியாகச் சொல்ல, பீட்டா சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். சில ரிப்போர்ட்டில் "எஃப்.எஸ்.எச். பீட்டா" என்று இருப்பது இதனால்தான்.

ஒவ்வொரு தடவையும் நோயாளியின் ஸ்லைடோடு இன்னொரு ஸ்லைடையும் சேர்த்துச் சாயமேற்றுவோம். அது இறந்த ஒருவரின் உடற்கூராய்வில் கிடைத்த, நோயில்லாத பிட்யூட்டரி. அதில் பழுப்பு வந்தால்தான் அன்றைய சாயம் வேலை செய்தது என்று பொருள். அதில் வராவிட்டால் நோயாளியின் ஸ்லைடில் என்ன தெரிந்தாலும் நம்பக் கூடாது. திரும்பச் செய்ய வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவரின் அரை கிராம், எத்தனையோ பேருடைய முடிவைச் சரிபார்த்திருக்கிறது.

இந்த முறை வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? அமிலச் சாயம், காரச் சாயம் இரண்டையும் போட்டு, எது ஏறுகிறது என்று பார்த்தார்கள். எதுவும் ஏறாத கட்டிக்கு "குரோமோஃபோப்" என்று பெயர், சாயத்தை வெறுப்பது. அது எந்த ஹார்மோனும் செய்யாத கட்டி என்று ஒதுக்கிவிட்டார்கள். 1941-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிப் பார்த்தார். 1966-ல் பால் நகானே, பியர்ஸ் இருவரும் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக நொதியைக் கட்டினார்கள். சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்க முடிந்தது. 1970-ல் நகானே இந்த முறையால் பிட்யூட்டரி செல்களையே வகை பிரித்துக் காட்டினார். 1975-ல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். அதற்கு 1984-ல் நோபல் பரிசு. அதன் பிறகு பார்த்தால், ஹார்மோன் இல்லை என்று ஒதுக்கிய கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இருந்தது. செல் செய்கிறது, ஆனால் உடம்பில் அறிகுறி காட்டும் அளவுக்கு வெளியே விடுவதில்லை. மாமாவின் கட்டியும் அந்த வகை. சத்தமில்லாமல் வளர்ந்து, கண் நரம்பில் முட்டியபோதுதான் தெரியும்.

நம் மாநிலத்தில் மூளை அறுவைச் சிகிச்சைக்கும் நீண்ட வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார், இந்தியாவிலேயே முதலாவது. அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் அந்தத் துறை இருக்கிறது. நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.

இனி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

"பாசிட்டிவ்" என்றால் பழுப்பு நிறம் படிந்தது என்று மட்டுமே பொருள். நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லவில்லை. தபால்காரர் கதவைத் தட்டி, இது இன்னார் வீடுதான் என்று உறுதி செய்வது மாதிரி. இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உடம்பின் வேறு இடத்துக்குப் பரவாதவை. அப்படிப் பரவுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

எஃப்.எஸ்.எச். சாயம் பல நேரம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். சில கட்டிகளில் ஏறாமலே போகும். அதனால் 2017-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றியது. ஹார்மோனோடு, செல்லின் உட்கருவில் இருக்கும் வம்சக் குறியீடுகளையும் பார்க்கச் சொன்னது. அவை மூன்று: பிட்-1, டி-பிட், எஸ்.எஃப்-1. எஃப்.எஸ்.எச். செல்லின் வம்சத்துக்கு எஸ்.எஃப்-1. ஹார்மோன் சாயம் ஏறாவிட்டாலும் இது காட்டிக்கொடுக்கும். 2022 வகைப்பாட்டில் பெயரையே "பிட்யூட்டரி நியூரோ எண்டோகிரைன் டியூமர்" என்று மாற்றினார்கள், சுருக்கமாக பிட்நெட். புது ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய அடினோமாவுக்குத்தான் புதுப் பெயர்.

வகை தெரிந்து என்ன பயன்? அடுத்து எப்படிக் கண்காணிப்பது என்பது அதைப் பொறுத்தது. அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன் வகை, அறிகுறி இல்லாமலே இருந்தாலும், திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். நெருக்கமாகப் பார்ப்பார்கள். எஃப்.எஸ்.எச். வகை பெரும்பாலும் மெதுவாக வளரும். ஆனால் துணுக்கு மிச்சம் இருந்தால் வருஷங்கள் கழித்தும் வளரும். அதனால் ஆபரேஷனுக்குப் பின் சில மாதங்களில் ஒரு எம்.ஆர்.ஐ., அப்புறம் வருஷா வருஷம் என்று டாக்டர் சொல்வார். மாமாவின் பீரோவுக்குள் போனது அந்தச் சீட்டுதான்.

நான்கு வருஷம் கழித்து அவர் மறுபடி சுத்தியலைத் தேட ஆரம்பித்தார். அக்கா எனக்குப் போன் செய்தாள். அப்போதுதான் கட்டைப் பிரித்து ரிப்போர்ட்டைப் படித்தேன். இரண்டாவது ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. இந்தத் தடவை இடது கண்ணின் வெளிப்பக்கம் திரும்பவில்லை. பட்டறையைப் பையன் பார்க்கிறான். மாமா வண்டி ஓட்டுவதில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அந்த நான்கு வருஷமும் அவருக்கு இருந்த அசதி, ஆசைக் குறைவு எல்லாம் கட்டி நல்ல சுரப்பியை நசுக்கியதால் ஆண் ஹார்மோன் குறைந்ததன் விளைவு. அதற்கு மருந்து உண்டு. எதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டாரோ, அதைச் சொல்லியிருந்தால் அதுவே சரியாகியிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்:

1. நேரே பார்வை நன்றாக இருந்து, இரண்டு பக்கமும் இடித்தால், கண்ணாடி மாற்றுவதோடு நிற்காதீர்கள். பார்வைப் பரப்பு சோதனை கேளுங்கள். தொடக்கத்துக்கு, 2022-ல் திறந்த நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

2. பிட்யூட்டரி கட்டி என்றால் ஆபரேஷனுக்கு முன் இரத்தத்தில் ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். புரோலாக்டின் முடிவைக் கட்டாயம் கேளுங்கள். அந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும்.

3. திசுவை நீங்களே வேறு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தால், டப்பாவில் பெயர் சரியா, பார்மலின் திசுவை மூழ்கடிக்கிறதா, மூடி இறுக்கமா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

4. ரிப்போர்ட்டோடு, மெழுகு பிளாக் எங்கே இருக்கிறது, எத்தனை வருஷம் வைப்பார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்க அதுதான் மூலப் பத்திரம். அதிலிருந்து புதிதாகச் சீவி, விடுபட்ட சாயங்களைப் போட முடியும். கையில் வாங்கினால் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிடாதீர்கள். அது மெழுகு.

5. ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபத்து.

6. மறுபரிசோதனைத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகளையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள்.

"எனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. இரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். அதிகம் என்று வந்தது. எனக்கும் கட்டியா?" என்று ஓர் அம்மா கேட்டார்கள். இல்லை அம்மா. மாதவிடாய் நின்ற பிறகு எல்லாப் பெண்களுக்கும் இரத்தத்தில் அது ஏறும், இயல்பானது. நான் சொன்னது திசுவில் போடும் சாயம். இரத்த அளவு வேறு, ஸ்லைடில் வரும் பழுப்பு வேறு.

"காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் வருமா?" என்று ஒரு சார் கேட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையில் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். ஆபரேஷனைப் பற்றிக் கேட்கும்போதே, எம்.ஆர்.ஐ.யும் திசுச் சாயங்களும் அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மாமாவுக்குப் போன் செய்து, பேசிவிட்டேன் என்றேன். "பூட்டை வைத்துச் சொன்னாயா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "லீவரையும் சொன்னாயா?" என்றார்.

உங்கள் வீட்டு பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் இப்படி ஏதாவது ரிப்போர்ட் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். முடிவு சொல்ல நான் டாக்டர் இல்லை. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரியும்.